இதய நோய் உள்ள நாய் திடீரென்று விழுந்தால்: எதனால் இருக்கும், என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். ஜிம்மி, 11 வயது ஸ்பிட்ஸ், வீடு சென்னை ஆதம்பாக்கம். இதய வால்வு கசிகிறது, இதயம் பெரிதாகியிருக்கிறது என்று சொன்னதால் 8 மாதமாக பிமோபென்டானும் (இதயம் பலமாகச் சுருங்க உதவும் மருந்து) லாசிக்ஸும் (சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரை இறக்கும் மருந்து) கொடுத்து வருகிறீர்கள். போன வாரம் காலிங் பெல் அடித்ததும் குரைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடியவன் பாதி வழியில் அப்படியே சாய்ந்துவிட்டான். கால்கள் விறைத்தன, சிறுநீர் போய்விட்டது. அரை நிமிடத்துக்குள் எழுந்து வாலாட்டினான். மூன்று நாள் கழித்து, தொடர்ந்து இருமிக்கொண்டிருந்தபோது மறுபடியும் அதே மாதிரி. மாமனார் வலிப்பு என்கிறார், பக்கத்து வீட்டில் ஹார்ட் அட்டாக் என்கிறார்கள். எதனால் விழுகிறான், லாசிக்ஸைக் கூட்டிக் கொடுக்கலாமா, மாலை நடைக்கு அழைத்துப் போகலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: லாசிக்ஸை நீங்களாகக் கூட்டாதீர்கள். நுரையீரலில் நீர் சேர்ந்ததால் விழுந்திருந்தால் அந்த மருந்து உயிரைக் காப்பாற்றும். வேறு காரணமாக இருந்தால் அதே மருந்து அவனை இன்னொரு முறை விழவைக்கலாம். இரண்டில் எது என்பதைப் பெரும்பாலும் மூச்சை வைத்தே பிரித்துவிடலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை விட்டுவிடலாம். இதயத்தின் ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்து நமக்கு வருகிற மாதிரியான ஹார்ட் அட்டாக் நாய்களுக்கு மிக அபூர்வம். உங்கள் மாமனார் சொல்வதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் மயக்கத்தையும் வலிப்பையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அவ்வளவு எளிதல்ல. மருத்துவர்களே தடுமாறுகிற இடம் இது.

மூளைக்குப் போகும் ரத்தம் ஆறேழு நொடி தடைபட்டாலே நினைவு போய்விடும். நாய் துவண்டு விழும். தரையில் படுத்த நிலைக்கு வந்ததும் ரத்தம் மறுபடி தலைக்குப் போகிறது, எழுந்துவிடுகிறது. இது மயக்கம். இதிலும் கால்கள் விறைக்கலாம், தலை பின்னால் வளையலாம், ஒரு அலறல் வரலாம், சிறுநீர் போகலாம். இவற்றைப் பார்த்துத்தான் எல்லோரும் வலிப்பு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வலிப்பின் போக்கு வேறு. அது பெரும்பாலும் நாய் சும்மா படுத்திருக்கும்போதோ தூக்கத்திலோ தொடங்கும். தாடை நறநறவென்று கடிபடும், எச்சில் நுரையாக ஒழுகும், நான்கு கால்களும் நீந்துவதுபோல் விடாமல் அடித்துக்கொள்ளும், ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் நீடிக்கும். அதைவிட முக்கியம், முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பது. வலிப்பு வந்த நாய்க்கு வீட்டு ஆளையே அடையாளம் தெரியாது. சுவரில் முட்டும், வட்டம் சுற்றும், சில நேரம் மணிக்கணக்கில் குழம்பிப்போய் நடக்கும். ஜிம்மி உடனே வாலாட்டினான் என்கிறீர்கள். ஒரு முறை ஓட்டமும் குரைப்பும், இன்னொரு முறை இருமல் என்று இரண்டு தடவையும் ஒரு தூண்டுதல் இருந்திருக்கிறது. இதய நோயும் ஏற்கெனவே இருக்கிறது. எனவே இது மயக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் மூளைக்கு ரத்தம் போகாத நேரம் நீண்டுவிட்டால் மயக்கத்தின் முடிவில் உண்மையான வலிப்பே வந்துவிடுவதும் உண்டு. அதனால் அடுத்த முறை விழும்போது வீட்டில் ஒருவர் அவனைப் பார்க்கட்டும், இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். அந்தச் சமயத்தில் வீடியோ எடுப்பது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். பரவாயில்லை, நாலு டெஸ்ட் சொல்லாததை அந்த 20 நொடி சொல்லிவிடும். மயக்கத்தை வலிப்பு என்று நினைத்து வலிப்பு மாத்திரை ஆரம்பித்துவிட்டால் உண்மையான காரணம் மாதக்கணக்கில் மறைந்தே இருக்கும்.

சரி, இதய நோய் உள்ள நாய்க்கு மயக்கம் ஏன் வருகிறது?

ஸ்பிட்ஸ், பொமரேனியன், டாஷ்ஹண்ட் மாதிரி சின்ன இனங்களுக்கு வயதான பிறகு வரும் இதய நோய் பெரும்பாலும் ஒன்றுதான். இடது பக்கத்து மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கி, சரியாக மூடாமல் போகும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசியும், இடது மேலறை வீங்கும். இந்த நாய்களில் பரபரப்பின்போது வரும் மயக்கம் பல நேரங்களில் நரம்பு வழியாக வருவது. திடீரென்று இதயம் வேகமாக, பலமாக அடிக்கும்போது அதன் சுவரில் இருக்கும் அழுத்த உணரிகள் ரத்த அழுத்தம் மிதமிஞ்சி ஏறிவிட்டதாகத் தப்பாக எடுத்துக்கொள்கின்றன. மூளையிலிருந்து இதயத்துக்கு வந்து துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு பிரேக் போடுகிறது. துடிப்பு குறைந்து ரத்தக்குழாய்களும் தளர, அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. யாராவது வீட்டுக்கு வந்தால், லீஷைக் கையில் எடுத்தால், தெருநாயைப் பார்த்தால் விழுகிற நாய்கள் இந்த வகை.

இருமலும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. தொடர்ந்து இருமும்போது மார்புக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், வேகஸ் நரம்பும் தூண்டப்படும். ஸ்பிட்ஸ், பொமரேனியன் நாய்களில் இன்னொரு சிக்கல், மூச்சுக்குழாயே தளர்ந்து தட்டையாவது. வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் இருந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். வீங்கிய இடது மேலறையும் கீழிருந்து மூச்சுக்குழாயை நெருக்கும். ஆக ஜிம்மியின் இருமல் நுரையீரலில் நீர் சேர்ந்ததால் வருகிறதா, மூச்சுக்குழாயால் வருகிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மூச்சுக்குழாய் இருமலுக்கு லாசிக்ஸை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.

நீங்கள் சொன்ன இரண்டு சம்பவங்களும் இந்த வகைக்கு நன்றாகவே பொருந்துகின்றன. அதனால் இதுதான் என்று நினைத்து நிம்மதியாகிவிட வேண்டாம், ஏனென்றால் துடிப்புக் கோளாறால் வரும் மயக்கமும் வெளியிலிருந்து பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். வீங்கி இழுபட்ட மேலறையில் மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்து, துடிப்பு ஒழுங்கே இல்லாமல் போகலாம். கீழறையிலிருந்து அதிவேகத் துடிப்புகள் கிளம்பலாம். நிமிடத்துக்கு 200, 250 என்று அடிக்கும்போது இதயம் நிரம்பவே நேரம் இருக்காது, துடிப்பு இருக்கும், ரத்தம் போகாது. நேர்மாறாக, துடிப்பு சில நொடிகள் நின்றே போகும் நோய்களும் உண்டு. மினியேச்சர் ஷ்னாஸர், காக்கர் ஸ்பேனியல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துடிப்பைக் கிளப்பிவிடும் இயற்கையான பேஸ்மேக்கர் களைத்துப்போவது இந்த இனங்களில் அதிகம், அதற்கு மாத்திரையைவிடச் செயற்கை பேஸ்மேக்கர்தான் தீர்வு.

நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிவிடுவது இன்னொரு முக்கியமான காரணம். இடது பக்கம் நாள்பட்டுக் கசியும்போது பின்னழுத்தம் நுரையீரல் வழியாக வலது பக்கத்தைத் தாக்கும். சும்மா இருக்கும்போது வலது அறை எப்படியோ சமாளிக்கும், ஓடும்போது கூடுதல் ரத்தத்தைத் தள்ள முடியாமல் தோற்றுவிடும். நாக்கு நீலம் பாய்வது, கொஞ்சம் நடந்தாலே உட்கார்ந்துவிடுவது, வயிறு நீர் கோத்து உப்புவது எல்லாம் இதன் அடையாளங்கள். எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) பார்த்து உறுதி செய்தால் சில்டெனாஃபில் கொடுப்பார்கள். ஆமாம், வயாக்ரா என்று ஆண்களுக்கு விற்கும் அதே மருந்துதான். மருந்துக்கடையில் ஒரு மாதிரி பார்த்தால் நாயின் பெயர் போட்ட சீட்டைக் காட்டிவிடுங்கள். பல நாய்களுக்கு இதில் மயக்கம் நன்றாகவே குறைகிறது.

இப்போது மூச்சு விஷயத்துக்கு வருகிறேன். மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் மெல்லிய நாண்களில் ஒன்று அறுந்துபோனால் கசிவு ஒரே நொடியில் பல மடங்காகும். நுரையீரலில் நீர் வேகமாகச் சேரும். அந்த நாய் விழுந்து எழுந்து வாலாட்டாது. படுக்கவே முடியாமல் முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி, வாயால் மூச்சு வாங்கும். நிமிடத்துக்கு 50, 60 மூச்சு போகும். சில நேரம் மூக்கில் இளஞ்சிவப்பு நுரை வரும். இங்கே லாசிக்ஸ் ஊசியும் ஆக்ஸிஜனும் உடனே வேண்டும், நிமிடங்கள்தான் கணக்கு. ஜிம்மி அரை நிமிடத்தில் எழுந்து இயல்பாக மூச்சு விட்டான் என்றால் அவன் விழுந்தது இதனால் அல்ல. இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அவன் ஆழ்ந்து தூங்கும்போது, கனவில் காலாட்டாத நேரமாகப் பார்த்து, மார்பு ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குக் கீழே இருந்தால் நுரையீரல் ஓரளவு காய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று முறை எண்ணியும் 30க்கு மேலேயே இருந்தால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். 40ஐத் தாண்டினால் அன்றைக்கே போக வேண்டும், ராத்திரியானாலும்.

லாசிக்ஸ் ஆபத்தாகிற இடத்துக்கு நல்ல உதாரணம் இதய உறையில் திரவம் சேர்வது. இதயத்தைச் சுற்றியிருக்கும் பைக்குள் ரத்தமோ நீரோ சேர்ந்து, இதயம் விரியவே இடமில்லாமல் நெருக்கும். கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களில் வலது மேலறையில் வளரும் புற்றுக்கட்டி கசிவதால் இது வரும். ஜிம்மி மாதிரியான நாய்களில், அபூர்வமாக, அளவுக்கு மீறி வீங்கிய இடது மேலறை கிழிந்து வரும். ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் மங்கலாகக் கேட்கும், நாடி நூலாக ஓடும், ஈறு வெளுக்கும். அந்த நேரத்தில் இதயத்துக்குள் எப்படியாவது ரத்தம் வந்து சேர்வதுதான் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறது. லாசிக்ஸ் கொடுத்து உடம்பின் நீரை இறக்கினால் அதுவும் போய்விடும். கட்டியாக இருந்தால் ஊசி போட்டு அந்தத் திரவத்தில் கொஞ்சத்தை எடுத்தாலே நாய் மேசையிலேயே எழுந்து உட்காரும்.

டாபர்மேன், கிரேட் டேன், பாக்ஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நாய்களுக்கு வருவது வால்வு நோயைவிட இதயத் தசை நோய்தான் அதிகம். டாபர்மேனில் இது ரொம்ப மோசம், முன்னால் எந்த அறிகுறியும் காட்டாமல் முதல் அறிகுறியே திடீர் மரணமாக இருக்கலாம். ஒரே ஒரு முறை மயங்கினாலும் 24 மணிநேர ஹோல்டர் பதிவு (உடம்பில் மாட்டிவிடும் சின்னக் கருவி நாள் முழுக்க எடுக்கும் ஈசிஜி) எடுத்தாக வேண்டும். டாபர்மேனுக்கு ஒரு நாளில் கீழறையிலிருந்து 300க்கு மேல் தவறான துடிப்புகள் பதிவானால், எக்கோ நன்றாக இருந்தாலும் அது நோய்தான்.

மருந்துகளும் விழவைக்கும். இதைப் பலர் யோசிப்பதில்லை. லாசிக்ஸ் அதிகமானால் உடம்பு வறண்டு அழுத்தம் இறங்கும். பொட்டாசியம் குறைந்து துடிப்பு தடுமாறும், சிறுநீரகமும் அடிவாங்கும். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் இது கூடுதல் கவலை. புழுக்கத்தில் நாள் முழுக்க மூச்சிரைப்பதிலேயே நாய் நிறைய நீரை இழக்கும், மேலே லாசிக்ஸ் வேறு. இரண்டு முறை வாந்தியோ பேதியோ ஆனால், சாப்பாட்டை ஒரு நாள் தொடாமல் இருந்தால், அன்றைய டோஸைக் கொடுப்பதற்கு முன்னால் மருத்துவரைக் கேளுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்து வைக்கக்கூடாது. தரையெல்லாம் சிறுநீர் போகிறது என்று தண்ணீரைக் குறைக்கிற வீடுகள் உண்டு, அது பெரிய தப்பு. ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் எனாலாப்ரில், பெனாஸெப்ரில் சேர்ந்திருந்தால் அழுத்தம் கூடுதலாக இறங்கலாம். ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறவும் வாய்ப்புண்டு. துடிப்பைக் கட்டுப்படுத்த டிகாக்ஸின் கொடுப்பவர்கள் பசி குறைந்தாலே விழித்துக்கொள்ள வேண்டும், அதன் மருந்தளவுக்கும் விஷ அளவுக்கும் இடைவெளி குறைவு. மூட்டு வலிக்கென்று வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக், புரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது.

பிமோபென்டான்தான் காரணமோ என்று பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள். 360 நாய்களை வைத்துச் செய்து 2016இல் வெளியான எபிக் ஆய்வில், அறிகுறி வருமுன்பே இதயம் பெரிதாகியிருந்த நாய்களுக்கு இந்த மருந்து இதயச் செயலிழப்பைச் சுமார் 15 மாதம் தள்ளிப்போட்டது. வால்வு நோய்க்கு நம்மிடம் இருப்பவற்றில் நல்ல மருந்து அது. சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்னால், 12 மணிநேர இடைவெளியில் கொடுங்கள், அவ்வளவுதான்.

இதய நோய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் இதயத்தையே குற்றம் சொல்லும் பழக்கம் நமக்கு வந்துவிடுகிறது. இந்த ஊரில் நான் முதலில் சந்தேகிப்பது உண்ணிக் காய்ச்சலை. எர்லிக்கியா, பபீசியா இரண்டுமே சென்னை நாய்களில் சகஜம். பழுப்பு நிற உண்ணி நாயின் மேல் மட்டுமல்ல, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் குடியிருக்கும், மாடி வீடானாலும் வரும். ரத்தம் உடைந்து சோகை பிடித்தால் ஈறு காகிதமாக வெளுத்து, நாலு எட்டு நடந்தாலே நாய் சாய்ந்துவிடும். ஏற்கெனவே இதயம் பலவீனமான நாய்க்கு இது இரட்டை அடி. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், அதைச் செய்யாமல் எக்கோவுக்கு ஓடுவது எனக்கு உடன்பாடில்லை.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் இனங்களில் மண்ணீரல் கட்டி ஒரு பெரிய ஏமாற்றுக்காரன். கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும், நாய் விழும், ஈறு வெளுக்கும். கசிவு தானே நின்று, கசிந்த ரத்தத்தை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ள, மறுநாள் பழையபடி சாப்பிடும். எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் விழும். பெரிய நாய், விழுந்தபோது ஈறு வெள்ளை என்றால் வயிற்று ஸ்கேன் கேட்டுப் பெறுங்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 105ஐத் தாண்டினால் ஆபத்து. காற்றில் ஈரம் நிறைந்த நம் ஊரில் மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விப்பது நாய்க்குச் சரியாக நடக்காது. பக், ஷீட்ஸு மாதிரி மூக்கு சப்பை இனங்களுக்கும், தொண்டை வாதம் வந்து (குரல்வளை செயலிழந்து) மூச்சுவழி சரியாகத் திறக்காத வயதான லாப்ரடாருக்கும் கத்திரி வெயில் இல்லாத நாளிலேயே இது நடக்கும். அப்படி விழுந்தால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றைப் பட விட்டு, அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். மத்தியானம் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும், சம்ப்பிலிருந்து எடுங்கள்.

மற்றவை வேகமாக: சர்க்கரை இறங்குவது, அட்ரினல் சுரப்பி சோர்வது இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரியும். வயதான நாய் தலை ஒருபக்கம் சாய்ந்து, கண்மணி இடவலமாக ஆட, நினைவோடு தடுமாறி விழுந்தால் அது காதின் சமநிலைக் கோளாறு. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நாளில் தேறிவிடும். இதயப்புழு வடகிழக்கு மாநிலங்களில் அதிகம், ஜிம்மி அந்தப் பக்கம் போயிருந்தால் தவிர இது பட்டியலில் கீழே.

அடுத்த முறை விழுந்தால் என்ன செய்வது? விழுந்த இடத்திலேயே பக்கவாட்டில் படுக்கவிடுங்கள். தூக்கி நிமிர்த்திப் பிடிக்காதீர்கள், தலைக்கு ரத்தம் போவதை நீங்களே தடுப்பதாகிவிடும். கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். வாயில் தண்ணீர் விடுவது, மூக்கில் வெங்காயம் காட்டுவது, பாதத்தடியில் சாவிக்கொத்தை வைப்பது எதுவும் வேண்டாம். வாய்க்குள் விரலை விட்டால் கடி நிச்சயம். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் ரத்தமோ அழுத்தமோ குறைவு, நீலம் என்றால் ஆக்ஸிஜன் இல்லை. பின்னங்கால் தொடையின் உள்பக்கம், மேலே, விரல்களை வைத்தால் நாடி தெரியும். நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே அதைத் தேடிப் பழகிக்கொள்ளுங்கள், அவசரத்தில் முதல்முறையாகத் தேடினால் கிடைக்காது. 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். 50க்குக் கீழேயோ 200க்கு மேலேயோ, ஒழுங்கே இல்லாமலோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சு அழுத்தம் தொடங்கலாம். பக்கவாட்டில் கிடத்தி, ஜிம்மி அளவு நாய்க்கு முழங்கைக்குப் பின்னால் இதயம் இருக்கும் இடத்தில், மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 30 அழுத்தத்துக்கு ஒரு முறை வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக இரண்டு மூச்சு ஊதவும். முற்றிய இதய நோயில், அதுவும் வீட்டில், இது பலிப்பது அரிது. பலிக்கவில்லை என்றால் நீங்கள் சரியாகச் செய்யாததால் அல்ல.

ஜிம்மிக்கு இந்த வாரமே செய்ய வேண்டியவை: ஈசிஜி, ரத்த அழுத்தம், உண்ணிக் காய்ச்சலும் சேர்த்து ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, சிறுநீரகம், பொட்டாசியம், மார்பு எக்ஸ்ரே. அதன் பிறகு எக்கோ, அதில் நுரையீரல் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு விஷயம், மூன்று நிமிட ஈசிஜி நன்றாக வந்தால் துடிப்புக் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை, அந்த மூன்று நிமிடத்தில் வரவில்லை என்றுதான் அர்த்தம். மயக்கம் தொடர்ந்தால் ஹோல்டர் கேளுங்கள். இவற்றுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903இல் தொடங்கிய கல்லூரி, இப்போது தனுவாஸின் (தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்) கீழ் இயங்குகிறது. காலையில் கூட்டம் இருக்கும். கவுண்டரில் "இதய நோய், இரண்டு முறை மயங்கி விழுந்தான்" என்று முதலிலேயே சொல்லுங்கள், வரிசையில் மற்ற நாய்களைப் பார்த்துக் குரைத்தே இன்னொரு முறை விழுந்துவிடப்போகிறான். ஆனால் மூச்சு முட்டுகிற நிலையில் ஆதம்பாக்கத்திலிருந்து வேப்பேரிக்குக் கிளம்பாதீர்கள். அண்ணா சாலை நெரிசலில் முக்கால் மணிநேரம் போய்விடும். பக்கத்தில் எந்த கிளினிக்கில் ஆக்ஸிஜன் இருக்கிறது, ராத்திரி யார் போன் எடுப்பார்கள் என்று இன்றைக்கே விசாரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவைதான். காலிங் பெல்லைக் கழற்றிவிட்டு வருபவர்களைப் போன் செய்யச் சொல்லலாம், டெலிவரிக்காரர்களுக்குக் கதவில் ஒரு சீட்டு போதும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை. தீபாவளிக்கு முந்தைய வாரமே மருத்துவரிடம் பேசி வையுங்கள், வெடிச் சத்தம் இந்த நாய்களுக்குப் பொல்லாத தூண்டுதல். அப்பளம், கருவாடு, சிப்ஸ், ஊறுகாய் பிசைந்த சாதம், எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உப்பு குறைந்தால் லாசிக்ஸ் செய்ய வேண்டிய வேலையும் குறையும். விழுந்த தேதி, நேரம், அதற்கு முன் என்ன செய்தான், எத்தனை நொடி, ஈறு என்ன நிறம், தூக்கத்து மூச்சு எவ்வளவு என்று காலண்டரிலேயே குறித்து வாருங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது, ஒரு நாள் இப்படி விழுந்து எழாமல் போய்விடுவானா என்று. நேர்மையாகச் சொன்னால், போகலாம். ஆனால் வால்வு நோய் உள்ள சின்ன நாய்களில் திடீர் மரணம் டாபர்மேன் அளவுக்கு நடப்பதில்லை. பரபரப்பிலும் இருமலிலும் மயங்கும் பல நாய்கள் மருந்தைச் சரிசெய்த பிறகு மாதக்கணக்கில், சில வருடக்கணக்கிலும், நன்றாக இருக்கின்றன. மயக்கம் வாரத்துக்கு ஒன்றிலிருந்து நாளுக்கு ஒன்றாகக் கூடினால், சும்மா படுத்திருக்கும்போதே விழுந்தால், எழுந்த பிறகும் ஈறு நிறம் திரும்பவில்லை என்றால், அது வேறு கட்டம். அன்றைக்கே பார்க்க வேண்டும்.

மாலை நடையைப் பொறுத்தவரை, ஈசிஜியும் எக்கோவும் ஆகும்வரை நடை வேண்டாம். லிஃப்டில் கீழே இறக்கி, வெயில் தாழ்ந்த பிறகு, சிறுநீர் கழிக்க ஐந்து நிமிடம் போதும். படி ஏறவிடாதீர்கள், தூக்கினால் வயிற்றை அமுக்காமல் மார்புக்கும் பின்பக்கத்துக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். காரணம் தெரிந்து மருந்து மாற்றி இரண்டு வாரம் மயக்கம் இல்லாமல் இருந்தால், அவன் விரும்புகிற வேகத்தில், அவன் நின்றால் நீங்களும் நின்று, தெருமுனைவரை போகலாம். வழியில் வேறு நாய் நின்றால் மட்டும் வேறு பக்கம் திரும்பிவிடுங்கள்.